அடிப்பலகை

நான் ஏழாம் வகுப்போடு நின்றுபோனதற்குப் படிப்பு வராததுதான் காரணம் என்று எங்கள் சொந்தக்காரர் சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பு வந்தது. பள்ளிக்கூடந்தான் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கதவு என்றால் வீட்டுக் கதவு இல்லை, ஆற்றுக் கதவு. கல்முனைக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே பெரிய துறை ஒன்று இருந்தது. நெல், விறகு, செங்கல், கருவாடு எல்லாம் அங்கேதான் ஏறி இறங்கும். துறைக்கு மேலே, ஆறு வயல்பக்கம் திரும்புகிற வளைவில், கல்லால் இரண்டு வாய் கட்டியிருந்தார்கள். கடல்பக்கம் கீழ்க்கதவு. வயல்பக்கம் மேல்கதவு. நடுவில் ஒரு பெரிய வள்ளம் நிற்கிற அளவுக்குத் தொட்டி. கல்லில் வெட்டின காடிக்குள் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினால் அது கதவு, தூக்கினால் வழி. வள்ளம் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் பலகை இறக்குவார்கள், முன்னால் பலகை தூக்குவார்கள். தண்ணி நிரம்ப நிரம்ப வள்ளம் ஆளோடும் விறகோடும் மெல்ல எழும்பும். ஆற்றுக்குள் நின்றபடியே ஒரு மனிதன் உயர்ந்துகொண்டு வருவதை எத்தனை தரம் பார்த்தாலும் என் கண் கயிற்றுக்கும் பலகைக்குமாக ஓடும். கயிறு அறுந்தால்? பலகை நழுவினால்?

எனக்குப் பயம் ஒரு பழக்கம். மற்றவர்கள் வெற்றிலை போடுகிற மாதிரி. சோறு கொதித்தால் அடிபிடிக்குமோ என்று பயம், வீட்டுக்காரர் கடைக்குப் போனால் இன்னும் காணவில்லையே என்று பயம். கதவின்மேலே அந்தக் கரைக்குப் போக ஒற்றை மரம் ஒன்று கிடந்தது. அதில் வாப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், பள்ளிக்கூடம் போனேன். வாப்பா மவுத்தானார், போகவில்லை. அவ்வளவுதான் கதை.

கதவைச் சுற்றி இருந்த எங்கள் கொஞ்ச வீடுகளைக் கதவடி என்பார்கள். பள்ளிவாசல் கிடையாது, கடை கிடையாது. ஊருக்குள் போய் எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, கதவடி என்று சொன்னால், "அங்க மனிசர் இரிக்கிறாங்களா?" என்று பகிடி பண்ணுவார்கள். எங்களுடையது என்று சொல்ல எங்களுக்கு ஒரேயொரு சாமான்தான் இருந்தது. அது ஒரு பலகை.

கீழ்க்கதவின் ஆக அடியில் கிடப்பது. மற்றப் பலகைகளைப் போல இரண்டு மடங்கு அகலம், இரண்டு மடங்கு கனம். ஓர் ஆள் நீட்டிப் படுத்தாலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இடம் மிஞ்சும். அடிக்காடி தேய்ந்து அகன்றுபோயிருந்தபடியால் இந்தக் கனத்துக்குத்தான் அங்கே தண்ணி அடைபடும். அந்தப் பலகைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கதவடியில் ஆர் மவுத்தானாலும் அதில் வைத்துத்தான் குளிப்பாட்டுவது.

கதவடிக்கு முதல்முதல் குடிவந்த குடும்பத்தில் மாரி வெள்ளத்துக்குள் ஒரு மவுத்து நடந்ததாம். ஊருக்குப் போக வழியில்லை. மாரியில் ஆற்றுக்குத் தடை வேண்டாமென்று பலகைகளை எல்லாம் தூக்கிக் கரையில் அடுக்கிவிடுவார்கள். அதில் அகலமானதை எடுத்து இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டினார்களாம். பிறகு ஊருக்கு வழி வந்தது, ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து மையத்தைச் சுமக்கிற சந்தூக்கும் வந்தது. ஆனால் குளிப்பாட்டுகிற பலகை மட்டும் மாறவில்லை. "எங்கட மனிசரை எங்கட பலகையில வெச்சுத்தான் கழுவுவம்" என்று நின்றுவிட்டார்கள். வாப்பாவையும் அதில்தான் கிடத்தினார்கள். அவர் மாரியில் போனவர். கரையில் கிடந்த பலகையை எடுத்தார்கள், கழுவினார்கள், திரும்ப வைத்தார்கள். ஒருவருக்கும் கரைச்சலில்லை.

கரைச்சல் கோடையில்தான். கோடை வெள்ளாமைக்குத் தண்ணி மறிப்பதும், கடலின் உப்பு ஆற்றில் ஏறாமல் தடுப்பதும் அந்தக் கீழ்க்கதவு. மேல்கதவு பேருக்குத்தான். சூறாவளி அடித்த வருசம் வெள்ளத்தில் அதன் கல் வெடித்து, அடியால் தண்ணி ஒழுகிக்கொண்டே இருந்தது. சூறாவளிக்குப் பிந்தின கோடையில் எங்களுக்கு நாலாவது வீட்டில் ஒரு வயசாளி மவுத்தானார். நெல் பால்பிடிக்கிற நேரம். மேலே கிடந்த பலகைகளை எல்லாம் தூக்கி, அடிப்பலகையை எடுத்துக் குளிப்பாட்டித் திரும்பப் போடுவதற்குள் பிறைக்கணக்குக்குக் கடல் பொங்கி வந்துவிட்டது. கீழ்வட்டை வயல்கள் முழுக்க உப்பு ஏறி, வெட்டும்போது கதிரில் பதர்தான் இருந்தது.

வயல்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மையத்துக்குச் செய்த காரியத்தை ஆர் கேட்பது? ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் அதற்குப் பிறகு வரம்பால் போகும்போது முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டுதான் போனார்கள். உம்மா அதை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பா. "பாவங்கள். செத்தவன் போயிட்டான், இருக்கிறவள் தலை குனியிறாள்" என்பா.

அதற்கு இரண்டு வருசம் கழித்து, அதேமாதிரி ஒரு கோடையில், உம்மா படுத்துவிட்டா.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நடப்பை ஒருக்கால் சொல்லவேண்டும். எங்கட ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். மாமியார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டா, நேரே கதைக்கமாட்டா. எங்கள் வீட்டுக்காரர் கதவில் பலகை தூக்குகிற வேலைக்கு வந்து, அதோடு எனக்கும் மாப்பிள்ளையாக வந்தவர். அவர் முன்மண்டபத்தில் சாப்பிடுவார், உம்மா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நிற்பா, நான் நடுவில்.

"அவருக்குச் சொல்லு மகள், இண்டைக்குச் சுறாவுக்குப் புளி கூடிப்போச்சு."

"மாமிக்குச் சொல்லு, நல்லாத்தான் இரிக்கி."

இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று முழம் இடமில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

மருமகனிடம்தான் இந்த வெட்கம். வள்ளக்காரரிடம் உம்மாவுக்கு ஒரு வெட்கமும் கிடையாது. உம்மாவின் அறை யன்னல் ஆற்றுக் கதவைப் பார்த்து இருந்தது. தொட்டிக்குள் வள்ளம் எழும்பி வரும்போது வள்ளக்காரரின் தலை யன்னலுக்கு நேரே வரும். விறகு வள்ளக்காரர் ஒருவர், பெரிய வாய், தலை தெரியமுந்தியே குரல் வந்துவிடும்.

"மாமீ! இன்னும் உசிரோடயா இரிக்கிறீங்க?"

"உன்னை வழியனுப்பிட்டுத்தான் போவன்டா. வெறகு ஈரம் எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க, வெட்கமில்லையா உனக்கு?"

"ஈர வெறகுதான் மாமி கன நேரம் எரியும்!"

"எரியாது, புகையும். உன்ட வாய் மாதிரி."

இப்படி இருந்தவதான் உம்மா. அந்தக் கோடையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினதும் மூச்சு இழுப்பு வந்தது, இழுப்போடு காய்ச்சல், காலில் வீக்கம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டில வெச்சு நல்லாப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. பயந்தவளுக்கு அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பக்கூடாது.

காலையில் எழும்பினால் முதலில் உம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிறகு யன்னலால் வயலைப் பார்ப்பேன். வெள்ளாமை குடலையில் நின்றது, கதிர் இன்னும் வெளியே வரவில்லை. எது முந்தும், எது பிந்தும்? இதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டு சமைத்தேன், கூட்டினேன், உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். உம்மா இப்போது போனால் அந்தப் பலகையை எடுக்கவேண்டும். எடுத்தால் உப்பு ஏறும். எடுக்காமல் விட்டால், கதவடியில் அந்தப் பலகையில் கழுவாமல் போன ஒரே மனிதர் என்ட உம்மாவாக இருப்பா. உம்மா உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்போதே இதையெல்லாம் நினைக்கிறேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

ஒரு நாள் இவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது மெல்லச் சொன்னேன்.

"அந்த அடிப்பலகையை மேல வெச்சா என்ன?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாமிக்கு அவ்வளவு ஏலாமலா இரிக்கி?"

"எனக்குப் பயமா இரிக்கி."

"ஒனக்கு எப்பதான் பயமில்ல?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

அன்றைக்கே, ஆற்றில் தண்ணி வற்றின நேரம், பலகை தூக்குகிற கொளுக்கியை அந்தக் கரையில் பிடிக்கிறவரான, எனக்கு அண்ணன் முறையான பக்கத்து வீட்டுக் காக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்துவிட்டார். அடியில் சாதாரணப் பலகை ஒன்று போய், அடிப்பலகை ஆக மேலே வந்தது. அவசரமென்றால் ஒரு பலகையை மட்டும் தூக்கினால் போதும். மற்றது கிடந்தபடி கிடக்கும். என் மூளைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நான் யோசிக்காத விசயம் ஒன்று இருந்தது. அடியில் கிடக்கிற பலகைகளை வள்ளங்களுக்காக ஒருவரும் தூக்குவதில்லை, வள்ளம் அதற்கு மேலாலேயே போய்விடும். மேல் பலகைகளைத்தான் ஒவ்வொரு வள்ளத்துக்கும் தூக்கி இறக்கவேண்டும். அந்தக் கனத்த பலகையை இனி வருகிற வள்ளத்துக்கெல்லாம் தூக்கவேண்டும்.

மறுநாள் விறகு வள்ளம் வந்தது. இவரும் காக்காவும் மூச்சைப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்து வள்ளக்காரர் கீழே நின்று சத்தம் போட்டார்.

"என்ன மச்சான், பலகையா தூக்குறீங்க யானைக்குட்டியா? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து மற்றப் பாதியைத் தூக்குங்க!"

பலகை முழுசாக வெளியே வந்தது. அதன் அகலத்தை அவர் பார்த்தார். கதவால் போய் வருகிற எல்லோருக்கும் அந்தப் பலகையைத் தெரியும். அவருடைய பார்வை பலகையிலிருந்து எங்கள் யன்னலுக்குப் போனது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆருக்கு?" என்று கேட்டார், வாய்க்குள்ளே.

"ஆருக்கும் இல்ல. காயட்டும் எண்டு வெச்சது."

வள்ளம் எழும்பி யன்னலுக்கு நேரே வந்தபோது அந்த மனிதர் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றவேண்டிய கயிறு ஒன்றும் அங்கே இருக்கவில்லை. அன்றிலிருந்து எல்லா வள்ளமும் அப்படித்தான் போனது. துறை வரைக்கும் சத்தமும் சிரிப்புமாக வருவார்கள், கதவுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுவார்கள்.

"மகள், வள்ளம் ஒண்டும் போகல்லையா?" என்று உம்மா கேட்டா.

"போகுது உம்மா."

"மறுகா ஏன் ஒருத்தனும் என்னோட கதைக்கிறானில்ல?"

"நீங்க தூங்குறீங்க எண்டு நினைக்கிறாங்க போல."

உம்மா என்னைப் பார்த்தா. அந்த நேரம் வெளியே பலகை விழுந்தது. மற்றப் பலகை விழுந்தால் 'டக்' என்று ஒரு சத்தம். இது விழுந்தால் 'தொம்' என்று வீட்டுச் சுவரே அதிரும். உம்மா கண்ணை மூடிக்கொண்டா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நாலைந்து நாளில் வட்டவிதானை வந்தார். வயல்களுக்குத் தண்ணி பங்கிடுகிறவர், கீழ்வட்டையில் முதல் வயலும் அவருடையதுதான். கதவுக்கு மேல்பக்கம் குனிந்து ஒரு கை தண்ணி அள்ளி வாயில் வைத்தார், துப்பினார். இன்னொரு கை அள்ளினார், துப்பினார்.

"உப்புக் கரிக்கிது! அடிப்பலகையை ஆர்ரா மேல வெச்ச?"

"நான்தான் விதானையார். காயட்டும் எண்டு..."

"என்னது? ஆத்துக்குள்ள வெச்சா காயப்போடுற? ஒனக்கென்ன விசரா? அங்க வெள்ளாமை குடலையில நிக்கிது, இஞ்ச நீ பலகை காயப்போடுறாய்!"

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் யன்னலுக்குள் கேட்கும். சொல்லாமல் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்கு ஓடிப்போய் நான்தான் சொன்னேன் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. வாசல்படியோடு நின்றுவிட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. இழுப்புக்கு நடுவிலும் கதவடி முழுக்கக் கேட்கிற குரல்.

"அவருக்கு ஏசாதீங்க விதானையார்! அது எனக்கு வெச்சது!"

விதானையார் மெல்ல யன்னலடிக்கு வந்தார்.

"என்ன ராத்தா கதைக்கிறீங்க?"

"பொய்யா சொல்றன்? என்ட மகள் பயந்தவ. அவட பயத்துக்கு அந்த மனிசன் மரம் தூக்குறார். ரெண்டு பேரும் எனக்குத் தெரியாது எண்டு நினைச்சிக்கொண்டு இரிக்கிதுகள்."

விதானையார் ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கிடக்கட்டும் ராத்தா," என்றார். "பலகை மேலயே கிடக்கட்டும். நாங்க களிமண் வெச்சு அடைச்சிக்கொள்றம்."

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவரே வைக்கோலும் களியும் கொண்டுவந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இவரோடு கழுத்தளவு தண்ணிக்குள் இறங்கி, அடிக்காடியில் களியை அப்பினார். மறுநாள் அது கரைந்துபோயிருந்தது. திரும்ப வந்தார், திரும்ப அப்பினார். வயசான மனிதர், தண்ணிக்குள்ளிருந்து ஏறி வந்து நடுங்கிக்கொண்டு நிற்பார். நான் தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு, "ராத்தா சாப்பிட்டாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன தடவை கீழ்வட்டையில் பதர் வெட்டினவரும் அவர்தான். அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

உம்மா எல்லாவற்றையும் யன்னலால் பார்த்துக்கொண்டு கிடந்தா. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இவர் முன்மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கறிச்சட்டியோடு நடுவில் நின்றேன்.

"மருமகன்," என்றா உம்மா.

இவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் உம்மா இவரை நேரே கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

"மருமகன், பலகையைக் கீழ போடுங்க."

இவர் என்னைப் பார்த்தார். "மாமிக்குச் சொல்லு..." என்று தொடங்கினார்.

"அவளுக்குச் சொல்லாதீங்க. எனக்குச் சொல்லுங்க."

இவர் கையை உதறிவிட்டு எழும்பி, உள்ளறைக் கதவடியில் போய், சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"மாமி, இனி அடியில போட்டா, வெள்ளாமை வெட்டும் வரைக்கும் எடுக்க ஏலாது."

"தெரியும். வெட்டும் வரைக்கும் நான் இரிக்கிறன்."

"அது அல்லாட கையில மாமி."

"அல்லாக்கிட்ட நான் கேக்கிறன். நீங்க பலகையைப் போடுங்க. அந்த மனிசன் எனக்காகத் தண்ணிக்குள்ள நிண்டு நடுங்குறதைப் பார்த்துக்கொண்டு கிடக்க என்னால ஏலா. அவர்ட வெள்ளாமை பதராப் போனா, என்ட மகளும் முகத்தை மூடிக்கொண்டுதான் வரம்பால போகணும்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினா. பிறகு, "நான் முந்திக்கொண்டா இந்த அறைக் கதவைக் கழட்டிப் போட்டுக் கழுவுங்க. இதுவும் முதிரை மரந்தான். ரெண்டு நாளைக்குக் கோழி உள்ள வரும், வேற என்ன" என்றா.

இவர் சுவரைப் பார்த்தபடியே சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. நீதான் மேல வைக்கச் சொன்ன."

கறிச்சட்டி சுட்டது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. பலகை மேலே கிடந்த நாளெல்லாம் நான் ஒவ்வொரு காலையும் உம்மாவை மவுத்தாக்கிக்கொண்டுதான் எழும்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது. கீழே போடுவதென்றால், உம்மா இருப்பா என்று நான் சொல்வதாகிவிடும். அப்படி ஒன்றைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. என் வாழ்க்கையில் நல்லது நடக்குமென்று நான் ஒரு தரமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"போடுங்க," என்றேன்.

மறுநாள் காலையில் தண்ணி வற்றின நேரம் பார்த்தால், காக்காவைக் காணவில்லை. சாய்ந்தமருதுக் கரையில் கரைவலைக்கு மீன் பட்டுவிட்டதென்று கதவடி ஆம்பிளைகள் எல்லோரும் கடலுக்கு ஓடிவிட்டார்கள். பிறைக்கணக்குக்கு அன்றுதான் கடல் பொங்குகிற நாள். பின்னேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கரையில் கொளுக்கி பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். கொளுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு, சும்மா நின்றார். நான் போய் அந்த ஒற்றை மரத்தில் உட்கார்ந்தேன். நடக்கவில்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, சீலையை முழங்காலில் சொருகிக்கொண்டு, அரைந்து அரைந்து நகர்ந்தேன். கீழே தண்ணி ஓடியது. கண்ணை மூடினால் தலை சுற்றியது, திறந்தால் அதைவிடச் சுற்றியது. நடு மரத்தில் நின்றுவிட்டேன். முன்னாலும் ஏலாது, பின்னாலும் ஏலாது.

அப்போது யன்னலிலிருந்து உம்மா கத்தினா. எப்படியோ எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தா.

"மருமகன், இஞ்ச பாருங்க! ஏழாம் வகுப்பில நிண்டவ, இப்பதான் எட்டாம் வகுப்புக்குப் போறா!"

சொல்லிவிட்டுச் சிரித்தா. சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகியது. இவரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் மற்றப் பாதி மரத்தையும் அரைந்து கடந்துவிட்டேன்.

அந்தக் கரையில் நின்று கொளுக்கியைப் பிடித்தேன். இவர் சொல்லச் சொல்ல இழுத்தேன், விட்டேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்தது. மேல் பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் அடிப்பலகையைக் காடிக்குள் வைத்து இறக்கினோம். தண்ணிக்குள் போய் அது அடிக்கல்லில் உட்கார்ந்தபோது சத்தமே கேட்கவில்லை. கையில்தான் தெரிந்தது. அதற்குமேல் மற்றதுகளைப் போட்டோம். இனி அது எங்கள் கைக்கு எட்டாது.

விதானையார் அன்று பின்னேரம் களியோடு வந்து, கதவைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். ஒரு கை தண்ணி அள்ளி வாயில் வைத்தார். இந்தத் தரம் துப்பவில்லை. களியைக் கரையில் கொட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வள்ளம் வந்தபோது தொட்டிக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் கேட்டது.

"மாமி...?"

"ஏன்டா, நாக்கு இவ்வளவு நாளும் எங்க போச்சு? வெறகுக்குள்ள வெச்சுக் கட்டிட்டியா?"

"அல்லாவே!" என்று அந்த மனிதர் வள்ளத்தில் குந்திவிட்டார். பிறகு அவர் போட்ட சத்தம் துறை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்காக உம்மா எழும்பி ஓடித் திரியவில்லை. அந்தக் கோடை முழுக்க ஏலாமல்தான் கிடந்தா. ஒரு நாள் நல்லம், இரண்டு நாள் மோசம். மோசமான நாட்களில் நான் ஆற்றுக் கதவைப் பார்ப்பதில்லை என்று நானாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கதிர் வெளியே வந்தது, பால்பிடித்தது, தலை சாய்ந்தது. மாவடிப்பள்ளிப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியாகக் கீழ்வட்டை வெட்டினார்கள். வெட்டின அன்று விதானையார் புது அரிசி ஒரு பெட்டி கொண்டுவந்து யன்னலடியில் வைத்தார். நான் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். உம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "விதானையார், கஞ்சிக்கு உப்புக் காணாது" என்றா. அந்த மனிதர் யன்னல் சுவரில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆற்றில் ஏறாத உப்பை உம்மா கேட்கிறா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

உம்மா எழும்பி நடக்கத் தொடங்கினதும் பழையபடி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டா. "அவருக்குச் சொல்லு மகள்" என்று திரும்பவும் தொடங்கியது. நானும் திரும்ப நடுவில் நின்றேன். எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது.

சில வருசம் கழித்து, ஒரு மாரியில், மூன்று நாளாக மழை விடவில்லை. உம்மாவுக்கு இழுப்பு வந்தது. இந்தத் தரம் வேறு மாதிரி வந்தது. காலையில் உம்மா திரும்ப நேரே கூப்பிட்டா.

"மருமகன். பலகை கரையிலயா கிடக்கு?"

இவர் இந்தத் தரம் என்னைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"ஓம் மாமி. கரையிலதான் கிடக்கு."

"அப்ப சரி," என்றா உம்மா.

மத்தியான ளுஹர் தொழுகைக்கு முந்திப் போய்விட்டா. அடிப்பலகையை இவரும் காக்காவும் மழைக்குள்ளால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்களோடு சேர்ந்து நான்தான் குளிப்பாட்டினேன். எல்லாம் முடிந்து சந்தூக்கு ஊருக்குப் போனபிறகு, பலகையைத் திரும்ப நானே கழுவினேன். எத்தனையோ தரம் மனதுக்குள் செய்து பார்த்துப் பயந்த வேலை அது. செய்யும்போது, உம்மாவின் முதுகு எவ்வளவு சின்னது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் கதவு போடுகிற நாளில் காக்காவுக்கு முதுகு பிடித்துவிட்டது. நான் போய் ஒற்றை மரத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் எனக்கு அதில் நடக்க வராது. அரைந்து போய் அந்தக் கரையில் நின்று கொளுக்கியைப் பிடித்தேன். முதலாவதாக அடிப்பலகையை இறக்கினோம். அது கல்லில் போய் உட்கார்ந்தது கையில் தெரிந்தது. என்னை அறியாமல் எங்கள் யன்னலைப் பார்த்தேன், ஆராவது பகிடி பண்ணுவார்களா என்று.